பாரிஸில் 30/2, சூரிச்சில் ஆர் 7, வவுனியாவில் கொப்பி: பெரியவர்களின் டெனிஸ் தரவரிசை

போன வருடம் ஒரு ஞாயிறு இரவு, பாரிஸில் இருக்கும் மச்சான் வட்ஸ்அப்பில் எடுத்து, "நான் இப்ப 30/2 மச்சான்" என்றார். கண் பரிசோதித்த முடிவைச் சொல்கிறார் என்று நினைத்து, "கண்ணாடி மாத்த வேணுமாமோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் சொன்னது டெனிஸ் தரத்தை. நாற்பது வயதில் வேலைத்தலத்துச் சிநேகிதர்களோடு சேர்ந்து ரக்கட் பிடிக்கத் தொடங்கியவர். இப்போது பிரெஞ்சு டெனிஸ் சம்மேளனத்தின் பட்டியலில் அவருக்கென்று ஓர் எண் இருக்கிறது.

அதே மாதம் சூரிச்சில் இருக்கும் அக்காவின் மகன் தன்னை "ஆர் 7" என்றான். லண்டனில் இருக்கும் பள்ளித் தோழன் "எனக்கு 28 புள்ளி சொச்சம்" என்றான். இதையெல்லாம் வவுனியாவில் நாங்கள் பின்னேரங்களில் விளையாடும் சீமெந்துக் கோர்ட்டில் வந்து சொன்னேன். எங்களோடு விளையாடும் கணக்கு சேர் ஒரே கேள்வியில் மடக்கினார்: "அப்ப மூண்டு பேரிலை ஆர் கெட்டிக்காரன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று தேடிப் படித்ததில் பிடிபட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். டெனிஸ் விளையாடாதவர்களுக்கும் விளங்கும் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் நிலை, புள்ளி, வெட்டுப்புள்ளி என்று பேசாத வீடு எங்கே இருக்கிறது?

அங்கிருந்தே தொடங்கலாம். உயர்தரப் பெறுபேறு வந்த அன்று சொந்தக்காரர் இரண்டு கேள்வி கேட்பார்கள். இசட் புள்ளி எவ்வளவு? மாவட்ட நிலை என்ன? இரண்டும் ஒன்றல்ல. இசட் புள்ளி, அந்தப் பாடங்களுக்குத் தோற்றிய மற்ற எல்லோரோடும் ஒப்பிட்டால் பிள்ளை எவ்வளவு தூரம் மேலே நிற்கிறது என்று சொல்கிறது. மாவட்ட நிலையோ பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்பதில் தங்கியிருக்கிறது. முல்லைத்தீவில் முன்வரிசையில் நிற்கும் அதே இசட் புள்ளி, கொழும்பில் பல நூறு பேருக்குப் பின்னால் நிற்கலாம். பிள்ளை ஒன்றுதான், மூளையும் ஒன்றுதான், நிலை மட்டும் வேறு.

டெனிஸிலும் தரவரிசை என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி இரண்டு சாமான்களைப் போட்டு வைத்திருக்கிறோம். ஒன்று ராங்கிங்: நீங்கள் எத்தனையாவது ஆள். மற்றது ரேட்டிங்: உங்கள் ஆட்டத்தின் பலம் எவ்வளவு என்று போடும் மதிப்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மிச்சமெல்லாம் கணக்குத்தான்.

புள்ளி சேர்ப்பது

ராங்கிங்கை முதலில் பார்ப்போம். தொலைக்காட்சியில் ஜோகோவிச் இத்தனையாவது இடம் என்று சொல்கிறார்களே, அது இந்த வகை. ஆண் தொழில்முறை ஆட்டக்காரரின் சங்கமான ஏ.ரி.பி.யின் பட்டியல் 1973 ஓகஸ்டில் தொடங்கியது. அதில் முதன்முதலாக முதலாம் இடத்தில் நின்றவர் ருமேனியாவின் இலி நஸ்டாஸே. பெண்களுக்கான பட்டியல் 1975இல் வந்தது. அதற்கு முன்பெல்லாம் பத்திரிகைக்காரரும் சம்மேளனங்களும் தங்கள் மனதுக்குப் பட்டபடி வரிசை போட்டார்கள். பெரிய போட்டிகளுக்கு யாரைச் சேர்ப்பது என்பதிலும் ஆளைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்று ஆட்டக்காரர் முறைப்பட்டதால்தான் கணினிப் பட்டியலே வந்தது.

நம் வயதுக்காரருக்கும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. சர்வதேச டெனிஸ் சம்மேளனம் நடத்தும் மாஸ்டர்ஸ் போட்டிகள். 30 வயதில் தொடங்கி 35, 40, 45 என்று ஐந்தைந்து வயதாகப் பிரித்து 90 வரை கொண்டு போகிறார்கள். போட்டிகளுக்கு 100, 200, 400, 700, 1000 என்று தரம் உண்டு. 400 தரப் போட்டியை வென்றால் 400 புள்ளி. தோற்றவர்களுக்கு எத்தனை சுற்றுத் தாண்டினார்களோ அதற்கேற்பக் குறையக் கிடைக்கும். கடைசி 52 கிழமைகளுக்குள் விளையாடியதில் மிக நல்ல நான்கு முடிவுகளைக் கூட்டினால் ஒற்றையர் தரவரிசைக்கான மொத்தம் வந்துவிடும்.

வயதைக் கணக்கிடும் விதம் எனக்குப் பிடித்தது. பிறந்த திகதியைப் பார்ப்பதில்லை, பிறந்த வருடத்தைத்தான் பார்ப்பார்கள். 1981 டிசம்பர் 31இல் பிறந்தவர்கூட 2026 ஜனவரி முதலாம் திகதியே 45 வயதுப் பிரிவுக்குப் போய்விடலாம். அங்கே அவர்தான் இளந்தாரி. 44 வயதில் மூச்சு வாங்கத் தோற்றுக்கொண்டிருந்தவர் திடீரென்று 49 வயதுக்காரரோடு மோதுகிறார். வயது போகிறதே என்று சந்தோஷப்படுகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

இப்போது கூட்டலைக் கொஞ்சம் கிட்ட இருந்து பாருங்கள். ஒருவர் வருடம் முழுக்க ஓடியோடி நான்கு 100 தரப் போட்டிகளை வெல்கிறார். மொத்தம் 400. ஐந்தாவதையும் வென்றாலும் 400தான், ஏனென்றால் நான்குதான் கணக்கு. இன்னொருவர் ஒரே ஒரு 700 தரப் போட்டியை வென்றுவிட்டு ரக்கட்டை அலுமாரிக்கு மேலே வைத்துவிடுகிறார். அவருக்கு 700. இருவரும் ஒருதரம்கூட எதிரெதிரே விளையாடாமலே இரண்டாமவர் மேலே நிற்பார்.

மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். கிளிநொச்சியில் இருக்கிறார் என்று வையுங்கள். இந்த இருவரையும் தோற்கடிக்கக்கூடியவர். ஆனால் போட்டி எங்கே நடக்கிறதோ அங்கே போக அவருக்கு லீவு இல்லை, வயலில் வெட்டு நடக்கிறது, மகளுக்குச் சோதனை. அவருக்கு மொத்தம் சைபர். பட்டியலில் பெயரே இல்லை. புள்ளியைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆனால் புள்ளி கிடக்கும் இடத்துக்குப் போகிற ரயில் ரிக்கெட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதோடு நுழைவுக் கட்டணம், இரண்டு இரவு தங்குமிடம், முதல் சுற்றிலேயே தோற்றால் வீட்டில் வாங்கும் பேச்சு. ஆகவே ஒருவரின் ராங்கிங்கைக் கேட்கும்போது, அது அவருடைய பலத்தோடு சேர்த்து அவருடைய ஓய்வையும் காசையும் அளக்கிறது என்பதை நான் மறப்பதில்லை.

சரி, அந்த 52 கிழமை என்ன கணக்கு? இரணைமடுக் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாரியில் தண்ணீர் வருகிறது, சிறுபோகத்துக்கு வாய்க்காலால் போகிறது. போன மாரியில் எவ்வளவு வந்தது என்ற கதை இந்த வருடம் பயிருக்கு உதவாது. புள்ளியும் அப்படித்தான். சென்ற வருடம் மார்ச்சில் வென்ற 200 புள்ளி, இந்த மார்ச் வந்ததும் வடிந்துவிடும். அதே போட்டியை மறுபடி வென்றால் குளம் பழைய மட்டத்தில் நிற்கும். அரையிறுதியில் தோற்றால், நன்றாக விளையாடியிருந்தும் தரம் இறங்கும். தொலைக்காட்சியில் "புள்ளிகளைத் தக்கவைக்க விளையாடுகிறார்" என்பது இதைத்தான். காயப்பட்டு ஆறு மாதம் படுத்தவர் ஒரு ஆட்டமும் தோற்காமலே இறங்கிக்கொண்டு போவதும் இதனால்தான்.

கூட்டாமல் சராசரி எடுத்தால் என்ன என்று கணக்கு சேர் கேட்டார். நல்ல கேள்வி. ஏ.ரி.பி. 1989 வரைக்கும் சராசரிதான் எடுத்தது. வாங்கிய புள்ளியை விளையாடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். குறைய விளையாடி ஏமாற்றக்கூடாது என்பதற்காக ஆகக் குறைந்த வகுக்கும் எண் 12. ஆனாலும் நல்ல சராசரியோடு இருப்பவர் சின்னப் போட்டிக்குப் போகப் பயந்தார். அங்கே இரண்டாம் சுற்றில் தோற்றால் சராசரி விழுந்துவிடுமே. போட்டி நடத்துகிறவர்களுக்கு ஆள் வரவில்லை. 1990இல் சராசரியைக் கைவிட்டு, சிறந்த 14 முடிவுகளைக் கூட்டும் முறைக்கு மாறினார்கள். சராசரி எடுத்தால் ஆள் ஒளிப்பான், கூட்டினால் ஆள் அலைவான். இரண்டிலும் குறை உண்டு. போட்டி நடத்துகிறவருக்கு அலைகிற ஆட்கள்தான் தேவை, அவ்வளவுதான்.

ராங்கிங் எதற்கு உதவுகிறது

பெருமை பேசுவதற்கு என்று சொல்லலாம், பொய்யில்லை. உண்மையான பயன் போட்டியின் ட்ரோ, அதாவது யாரோடு யார் மோதுவது என்ற அட்டவணை, போடும்போதுதான் தெரியும். நான் முதன்முதலாக வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குப் போனபோது, நடத்தியவர்கள் பெயர் பதிந்த வரிசையிலேயே ஆட்களைச் சோடி சேர்த்துவிட்டார்கள். எனக்கு முன்னால் பெயர் கொடுத்தவர் அந்தப் போட்டியிலேயே மிகப் பெரிய ஆட்டக்காரர். காலை எட்டரைக்குத் தொடங்கி ஒன்பதேகாலுக்கு முடிந்தது. 6-0, 6-1. எனக்குக் கிடைத்த அந்த ஒரு கேமும், அதாவது அந்த 1, அவருடைய ரக்கட் நரம்பு அறுந்து வேறு ரக்கட் எடுத்தபோது கிடைத்தது. எனக்குப் போனது போகட்டும். அடுத்த சுற்றிலேயே அவரும் இரண்டாவது பெரிய ஆட்டக்காரரும் மோதி, இறுதிப் போட்டி பார்க்க வந்த சனம் பின்னேரம் கொட்டாவி விட்டது.

இதைத் தடுக்கத்தான் சீடிங். ஆங்கிலத்தில் விதை என்று பொருள்படும் அதே சொல். கச்சான் ஊன்றுகிறவர் ஒரே இடத்தில் கொட்டாமல் இடைவெளி விட்டு ஊன்றுவதுபோல, பலமானவர்களை ட்ரோவில் தள்ளித்தள்ளி வைப்பது. அப்படி வைக்கப்படுகிறவருக்குப் பெயர் சீட். விம்பிள்டனில் தகுதி பார்த்து முழுமையாகச் சீட் போடத் தொடங்கியது 1927இல்.

எங்கள் ஆட்களுக்குள் நாங்கள் நடத்தும் சின்னப் போட்டியில் நான்தான் ட்ரோ போடுகிறவன் என்பதால் இது கைப்பழக்கம். கடைசியாக நடந்ததற்குப் 13 பேர் வந்தார்கள். நொக் அவுட் ட்ரோ 8, 16, 32 என்றுதான் போகும். ஆகவே பயிற்சிக் கொப்பியில் 16 கோடு போட்டேன். மூன்று இடம் மிச்சம். 16 பேர் ட்ரோவுக்கு நான்கு சீட். முதலாம் சீட் முதல் கோட்டில், இரண்டாம் சீட் பதினாறாவது கோட்டில். இவர்கள் இறுதிப் போட்டியில் மட்டும்தான் சந்திக்க முடியும். மூன்றாம், நான்காம் சீட்டுக்கு 5, 12 என்று எழுதிய இரண்டு துண்டுகளைத் தேநீர்க் கடைக்காரத் தம்பியை எடுக்கச் சொன்னேன். நான் எடுத்தால் கதை வரும். மிச்சமிருந்த மூன்று வெற்று இடங்களும் முதல் மூன்று சீட்டுகளுக்கு எதிரே போகும். அதாவது அவர்களுக்கு முதல் சுற்றில் எதிராளி இல்லை, நேரே காலிறுதி. இதற்குப் பெயர் பை. மற்ற ஒன்பது பேரும் மிச்சமிருக்கும் ஒன்பது கோடுகளுக்குத் துண்டு எடுப்பார்கள். முதல் சுற்றில் ஐந்து ஆட்டம் மட்டும்.

தரவரிசையின் வேலை இங்கே எவ்வளவு சின்னது பாருங்கள். முதல் நான்கு பேரை அடையாளம் காட்டினால் போதும். ஐந்தாவதா ஆறாவதா என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை, இரண்டு பேருக்கும் துண்டுதான். ஆனால் எங்கள் ஆட்களில் இரண்டு பேர் இதற்காக ஒரு கிழமை பேசாமல் இருந்தார்கள்.

இரட்டையருக்குத் தனிக் கணக்கு. சோடியின் இருவருடைய தரத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின்படி சீட் போடுவது வழக்கம். இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ரேட்டிங்: யாரை வென்றாய்?

இப்போது மற்றச் சாமான். ராங்கிங் எங்கே வென்றாய் என்று கேட்கிறது. ரேட்டிங் யாரை வென்றாய் என்று கேட்கிறது. இதற்கு டெனிஸ் கடன்பட்டது சதுரங்கத்துக்கு. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகம் படிப்பித்த ஆர்பட் ஈலோ என்பவர் சதுரங்க ஆட்டக்காரருக்காக ஒரு கணக்கு வகுத்தார். உலக சதுரங்கச் சம்மேளனம் 1970இல் அதை ஏற்றது. இன்றைக்கு விளையாட்டுக்களில் பாவிக்கும் ரேட்டிங் முறைகளில் பல அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

நாங்களும் எங்களுக்குள் விளையாடும் ஆட்டங்களுக்கு ஈலோ முறையில் ஒரு கொப்பியில் கணக்கு வைத்திருக்கிறோம். அதில் உள்ளதை வைத்தே காட்டுகிறேன். கணக்கு சேருக்கு 1500, எனக்கு 1300. வித்தியாசம் 200. ஈலோவின் அட்டவணைப்படி 200 வித்தியாசம் என்றால், நாங்கள் 100 ஆட்டம் விளையாடினால் சேர் 76ஐ வெல்வார், நான் 24ஐ. (400 வித்தியாசம் என்றால் கிட்டத்தட்ட 91க்கு 9.) ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நாங்கள் வைத்திருக்கும் பந்தயம் 32 புள்ளி. சேர் வென்றால், எதிர்பார்த்ததுதானே நடந்தது, அவருக்கு 32இன் 24 வீதம், அதாவது 8 புள்ளி மட்டும். சேர் 1508, நான் 1292. நான் வென்றால்? எனக்கு 24 ஏறும், அவருக்கு 24 இறங்கும். 1324க்கு 1476. சரிசமமானவர்கள் விளையாடினால் வென்றவருக்கு 16.

ஆகவே மெலிந்தவர்களைத் தேடித்தேடி அடித்துப் பெரிய ஆளாக முடியாது. ஒவ்வொரு வெற்றிக்கும் சில்லறைதான் கிடைக்கும், ஒரு நாள் சறுக்கினால் எல்லாம் போய்விடும். வலியவரிடம் தோற்பதிலும் பெரிய நட்டம் இல்லை. இது தெரிந்த பிறகு எங்கள் கோர்ட்டில் சேரோடு விளையாட ஆட்கள் முந்திக்கொண்டு வரத் தொடங்கினார்கள். முன்பு சாட்டுச் சொல்லி விலகுவார்கள்.

ஈலோ கணக்குக்கு வெற்றி தோல்வி மட்டும்தான் தெரியும். 6-0, 6-0 தோல்வியும் 7-6, 7-6 தோல்வியும் அதற்கு ஒன்று. டெனிஸ்காரருக்கு இது பொறுக்கவில்லை. அமெரிக்காவின் வேர்ஜினியாவில் டேவ் ஹவெல் என்ற பயிற்றுநர் 2008இல் தொடங்கிய யு.ரி.ஆர். என்ற முறை, எத்தனை கேம் எடுத்தாய் என்றும் பார்க்கிறது. அளவுகோல் 1இலிருந்து 16.50 வரை. கடைசி 12 மாதத்தில் விளையாடிய 30 ஆட்டங்கள் வரை எடுத்து, எதிராளியின் பலத்துக்கு நீங்கள் எத்தனை கேம் எடுத்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, உண்மையில் எடுத்ததோடு ஒப்பிடுகிறது. 6-2, 6-2 என்று தோற்க வேண்டியவர் 6-4, 6-4 என்று தோற்றால் அவருடைய எண் ஏறலாம். தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டு வருகிறவரை இனிமேல் தப்பாக நினைக்காதீர்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. 5-0 என்று முன்னுக்கு நிற்பவர் எதிராளிக்கு இரக்கப்பட்டு இரண்டு கேமை விட்டுக்கொடுக்கிற நம் ஊர்ப் பழக்கம் அங்கே கூடாது.

லண்டன் தோழனின் 28 புள்ளி சொச்சம், உலக டெனிஸ் எண் என்ற இன்னொரு முறை. சர்வதேச சம்மேளனத்தினுடையது. பிரித்தானியா 2022இல் இதற்கு மாறியது. இதில் தலைகீழ்: புதிதாய்த் தொடங்குகிறவர் 40, உச்சியில் நிற்கும் தொழில்முறை ஆட்டக்காரர் 1. ஒற்றையருக்கு ஓர் எண், இரட்டையருக்கு ஓர் எண். எண் குறையக் குறையப் பெருமை. கோல்ஃப் விளையாடுகிறவர்களுக்கு இது பழக்கமாக இருக்கும், வன்னியில் அப்படி யாரும் இருந்தால்.

மச்சானின் 30/2க்கு வருவோம். பிரான்ஸில் படிகள் வைத்திருக்கிறார்கள். அடிப்படி 40. அதற்கு மேலே 30/5, 30/4, 30/3, 30/2, 30/1, 30. பிறகு 15/5இல் தொடங்கி 15 வரை. அப்புறம் 5/6, 4/6 என்று இறங்கி 0. அதையும் தாண்டினால் சயத் தரங்கள், அதாவது மைனஸ் எண்கள்! "சயத்துக்குப் போனாத்தான் பெரியாளோ?" என்று சேர் சிரித்தார். இந்த எண்கள் பழைய காலத்துச் சலுகை முறையிலிருந்து வந்தவை. மெலிந்தவருக்கு ஒவ்வொரு கேமிலும் 15 அல்லது 30, அதாவது ஒரு புள்ளி அல்லது இரண்டு புள்ளி, முன்கூட்டியே கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள், வலியவர் கடனோடு தொடங்குவார். அந்தச் சலுகை இப்போது போட்டிகளில் இல்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. புள்ளிக் கணக்கு எளிது. தன் படிக்காரரை வென்றால் 60, ஒரு படி மேலே உள்ளவரை வென்றால் 90, இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 120. ஒரு படி கீழே என்றால் 30தான். போதிய புள்ளி சேர்ந்தால் ஏற்றுவார்கள்.

சுவிஸில் ஆர் 9 அடி, ஆர் 1 வரை ஏறி, பிறகு என் 4இலிருந்து என் 1 வரை. ஜேர்மனியில் 25இலிருந்து கீழ்நோக்கிச் சிறப்பு. அமெரிக்காவில் அரைப் புள்ளி அரைப் புள்ளியாக 7.0 வரை போகும் படிகள். அங்கே 3.5காரர் 3.5காரரோடுதான் லீக்கில் விளையாடுவார்.

படி வைத்தால் பதுங்குகிறவரும் வருவார். 4.0 தரம் உள்ளவர் வேண்டுமென்றே சில ஆட்டங்களைத் தோற்று, 3.5இல் நின்று கோப்பை எடுப்பார். நம் ஊர் மென்பந்துப் போட்டிக்கு "கழக உறுப்பினர்" என்று யாரையோ எங்கிருந்தோ இறக்குகிற மாதிரித்தான், ஆள் மட்டும் உள்ளூர். அமெரிக்கச் சங்கம் இதற்கென்று கணினியை வைத்துக் காவல் பார்க்கிறது. தன் படியைத் தானே சொல்லிச் சேர்ந்த ஒருவருடைய முடிவுகள் அந்தப் படிக்குரிய எல்லையை மூன்று தரம் தாண்டினால் தகுதி நீக்கம்.

கிணற்றுக்குள் கணக்கு

இனி எங்கள் பக்கத்துச் சிக்கல். ரேட்டிங்குக்கு ரயில் ரிக்கெட் வேண்டாமே, வன்னியில் இருந்துகொண்டே கணக்கு வைக்கலாமே என்று நானும் முதலில் துள்ளினேன். அதனால்தான் கொப்பி போட்டோம். ஏழெட்டு மாதத்தில் எண்கள் நன்றாகத்தான் ஒழுங்குக்கு வந்தன. சேர் 1500, அவருக்குப் பின்னால் வங்கியில் வேலை செய்யும் அண்ணை ஒருவர் 1440, கீழே 1150 வரை.

பிறகுதான் விளங்கியது, இது கிணற்றுத் தவளைகள் தமக்குள் உயரம் அளந்த கதை. எங்கள் 1500 எங்களுக்குள் மட்டும்தான் 1500. நாங்கள் எல்லோரும் ஒரே நாளில் இரண்டு மடங்கு நன்றாக விளையாடத் தொடங்கினாலும் எண்கள் ஒன்றும் மாறாது, ஏனென்றால் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க வேண்டும். மொத்தப் புள்ளி அதே கொப்பிக்குள்தான் சுற்றுகிறது. வெளியில் ஒருவர் போய் வந்தால்தான் கிணற்றின் ஆழம் தெரியும்.

சேர் போனார். வேறு விஷயமாகக் கொழும்புக்குப் போனவர், அங்கே கழகம் ஒன்றில் விளையாடும் பழைய மாணவன் ஒருவனோடு ஒரு பின்னேரம் விளையாடினார். மாணவனுக்கு யு.ரி.ஆர். இருந்தது, பெரிய எண் ஒன்றும் இல்லை. சேர் 2-6, 1-6. திரும்பி வந்து, "எங்கடை 1500 அங்கை எத்தினையெண்டு கேக்காதேங்கோ" என்றார். ஆனால் அந்த ஓர் ஆட்டத்தின் பெறுமதி அதிகம். சேரின் எண் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால், சேரோடு விளையாடிய எல்லோருடைய எண்ணும், அவர்களோடு விளையாடியவர்களுடைய எண்ணும் சங்கிலி மாதிரி வெளியுலகோடு கொளுவப்படுகின்றன. உலகளாவிய ரேட்டிங் என்று சொல்கிற எல்லாமே இந்த மாதிரிப் பயணிகளின் முதுகில்தான் நிற்கின்றன. ஊர்விட்டு ஊர் போய் விளையாடுகிறவர் குறைந்த இடத்தில் கணினி சொல்லும் எண்ணைக் கொஞ்சம் உப்புப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கணக்கே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஏணி முறை இருக்கிறது. நான்கைந்து பேர் சேர்ந்தாலே தொடங்கலாம். பெயர்களை மேலிருந்து கீழாக ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். யாரும் தனக்கு மேலே இரண்டு படிக்குள் உள்ளவரைச் சவாலுக்கு அழைக்கலாம். வென்றால் இடம் மாறும், தோற்றால் அப்படியே. அழைத்து ஒரு கிழமைக்குள் வராவிட்டால் தோல்வி. இந்தக் கடைசி விதி இல்லாமல் தொடங்காதீர்கள். மேற்படியில் இருப்பவர்களுக்கு வரும் முழங்கால் வலிக்கு வேறு மருந்து கிடையாது. முதலாவது ஏணியை நாங்கள் விதியில்லாமல் தொடங்கி, மூன்று மாதம் ஒரே பெயர் உச்சியில் இருந்ததைப் பார்த்துக் கழற்றினோம்.

சேரின் கேள்விக்கு இப்போது ஓரளவு பதில் சொல்ல முடியும். மச்சான் அடியிலிருந்து ஐந்தாவது படி, மருமகன் மூன்றாவது படி, லண்டன்காரன் 40இலிருந்து இறங்கத் தொடங்கி 11 சொச்சம் இறங்கியிருக்கிறான். மூன்று ஏணியும் மூன்று உயரம் என்பதால் ஒன்றின் படியை மற்றதோடு நேரே ஒப்பிட முடியாது. மூவரும் உச்சியில் இல்லை என்பது மட்டும் நிச்சயம். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

மச்சான் வருகிற வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிறார். ரக்கட்டும் கொண்டுவருகிறாராம். எங்கள் கொப்பியில் புதிய ஆளுக்கு 1400இல் தொடக்கம். முதல் பத்து ஆட்டங்களுக்குப் பந்தயம் 32 அல்ல, 64, ஆளின் உண்மையான இடம் கெதியாகத் தெரிய வேண்டுமே. சேரோடுதான் முதல் ஆட்டம் என்று பேசியாயிற்று. பின்னேரம் நாலு மணிக்கு, அந்த வெக்கைக்குள். மச்சானின் பெயருக்கு எதிரே 1400 என்று பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்திருக்கிறேன்.